சீராக வந்த ஏழு முட்டை

போன வாரம் மீஞ்சூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். எதிர் ஸீட்டில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். அவன் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு சேவலின் தலையை மட்டும் வெளியே விட்டிருந்தான். அது என்னை ஒற்றைக் கண்ணால் ஏற இறங்கப் பார்த்தது. நான் இரண்டு காலையும் தூக்கி ஸீட்டின்மேல் வைத்துக்கொண்டேன். வைத்த பிறகுதான் வைத்ததே தெரிந்தது. எனக்கு ஐம்பத்தைந்து வயசு, சர்க்கரை இருக்கிறது, முட்டிவலி இருக்கிறது, ஒரு மாடி ஏற நாலு தடவை நிற்கிறேன். ஆனால் ஒரு சேவல் முறைத்தால் இந்தக் கால் என்னைக் கேட்காமல் மேலே போகிறது.

"கொத்தாதும்மா, சாது" என்றான். சேவல் வைத்திருக்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அப்பட்டமான பொய்யாக.

"அசல் பெருவிடைம்மா. கலப்பே கிடையாது" என்று போனை எடுத்து அதன் அப்பா அம்மா படத்தையெல்லாம் காட்டினான். பையிலிருந்து, எங்கள் வீட்டில் கோழிக்குப் பேன் பிடிக்காமல் தடவுகிற அதே வேப்பெண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. வெளியே அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வந்து நின்றது. அந்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் நான் பிறந்த ஊர். வேப்பெண்ணெயும் அந்த ஸ்டேஷன் பலகையும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள், சொல்லுங்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் நைனாவுக்குக் கொஞ்சம் நெல் நிலமும் பதினைந்து இருபது கோழியும் இருந்தன. நெல்லைப் பற்றி யாராவது கேட்டால், "ஏதோ கீது" என்பார். கோழியைப் பற்றிக் கேட்டால் வந்தவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாம் பெருவிடை என்கிற சண்டைக்கோழி ஜாதி, நெட்டைக் கால், கல் மாதிரி உடம்பு. சிவப்புச் சேவலை எங்கள் பக்கம் தெலுங்கில் டேகா என்பார்கள். நைனாவின் டேகா வித்துக்காகத் ஆந்திராவில் தடா பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். காலில் கத்தி கட்டிச் சண்டை விடுகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார். வளர்க்கிறவர்களுக்கும் ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் கொடுப்பார்.

கலப்பு என்ற சொல் அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை. அடுத்த வீட்டுச் சேவல் வேலி தாண்டினால் கல்லெடுத்து விரட்டுவார். எந்தச் சேவலுக்குப் பிறந்தது என்று சந்தேகம் வந்த முட்டையை அடைக்கு வைக்க மாட்டார், எனக்கு ஆம்லெட் போட்டுக் கொடுப்பார். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டதால் சமையலும் அவர்தான். சந்தேக முட்டைகளைத் தின்றே வளர்ந்தவள் நான். பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுதான் காரணமோ என்று அவர் யோசித்திருக்கலாம்.

நான் செய்த காரியம், பழவேற்காட்டுக்குத் தையல் வகுப்புக்குப் போன இடத்தில், கோட்டைக்குப்பத்தில் ஏரியில் மீன்பிடிக்கிறவர் ஒருவரோடு பஸ்ஸில் பழகியது. அதை விரிவாகச் சொன்னால் என் பெண் கோபித்துக்கொள்வாள். சுருக்கமாக, நைனாவிடம் கேட்டேன், முடியாது என்றார். மறுபடி கேட்டேன், பேச்சையே நிறுத்திவிட்டார். பயிர்க்கார வீட்டுப் பெண் குப்பத்துக்குப் போவதா என்பதுதான் விஷயம். கோழியில் கலப்பைப் பொறுக்காத மனிதர் மகள் விஷயத்தில் பொறுப்பார் என்று நினைத்த என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம் அவர் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தபோது கிளம்பினேன். ஓடிப்போகிற பெண்கள் நகையை எடுத்துப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு நகை ஞாபகமே வரவில்லை. அடைக்கு வைப்பதற்காகக் கேழ்வரகுப் பானைக்குள் அவர் சேர்த்து வைத்திருந்த ஏழு முட்டைதான் கண்ணில் பட்டது. தூக்குச்சட்டியில் உமியைக் கொட்டி ஏழையும் அதற்குள் புதைத்து எடுத்துக்கொண்டேன். கோபத்தில் எடுத்தேன், ஒளிக்க மாட்டேன். என்னைவிட உனக்கு இதுதானே ஒசத்தி, இந்தா இதுவும் போச்சு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எடுத்தேன். பஸ் பொன்னேரி தாண்டுவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. அந்தத் தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த வித்தைக் காப்பாற்றிவிட்டால் என்றைக்காவது ஒருநாள் இதைச் சாக்காக வைத்து அந்த வீட்டு வாசலில் போய் நிற்கலாம் என்று தோன்றியது. அதற்கப்புறம் ஏறக்குறைய மூன்று வருஷம் அந்த ஒரு நினைப்பில்தான் கோழி வளர்த்தேன்.

கோட்டைக்குப்பத்தில் என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிட்டவர், வாசலில் ஆரத்தி எடுத்த கையோடு, "தூக்குல இன்னா?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. உமிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்று உடைந்திருந்தது.

"மருமவ சீர் கொண்டாந்துகீறா" என்றார். "ஆறும் உசுரோட கீது."

அன்றைக்கே அவருடைய அடைக்கோழியின் கீழ் ஆறையும் வைத்தார். ஒன்று கூமுட்டை, ஐந்து பொரித்தது. அத்தை கூடை சுமந்து மீன் விற்கிறவர். விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு மீன்கூடையோடு போனால் பிற்பகலில்தான் வருவார். ஆகவே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கோழிக்காரர் மகளாயிற்றே, எனக்கா தெரியாது என்று பெரிய மிதப்பு. பயிர்க்கார ஊரில் குருணைக்குப் பஞ்சமில்லை. குப்பத்தில் குருணைக்கு எங்கே போவது? கருவாட்டுத் தூள்தான் வேண்டியமட்டும் கிடந்தது. அள்ளிப் போட்டேன். அதிலிருக்கும் உப்பை யார் நினைத்தார்கள்! இரண்டு குஞ்சு தண்ணீராகக் குடித்துத் தள்ளாடிச் செத்தன. ஒரு சேவலும் இரண்டு பெட்டையும்தான் மிஞ்சின. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் மீன் விற்ற இடத்தில் அரைப்படி கேழ்வரகு வாங்கி, காலிக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

சேவல் வளர்ந்தது. நைனாவின் டேகா அப்படியே வந்திருந்தது, அதே சிவப்பு, அதே நெட்டைக் கால், அதே முறைப்பு. அத்தை அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார். "உங்கொப்பன்தான் வரல, இவுரு வந்துகீறாரே" என்பார். காலையில் அது கூவினால், "சம்பந்தி எழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுத்தான் கூடையை எடுப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், நைனா ஞாபகமும் வரும்.

சம்பந்தி ஒரு நல்ல பிள்ளையாக வளர்ந்திருக்க வேண்டியது. கெடுத்தவள் நான்தான். குறும்பு செய்ய ஆரம்பித்ததும், என் முன்கோபம்தான் தெரியுமே, துடைப்பத்தால் விரட்டுவேன், பிறகு அத்தையின் மீன்கூடை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து மூடுவேன். உள்ளேயிருந்து கத்தினால் கூடையின் தலையில் துடைப்பத்தால் நாலு தட்டு. இப்படி ஒரு மாசமா, இரண்டு மாசமா செய்தேன். சேவல் என்ன கணக்குப் போட்டதோ, உலகத்தில் தனக்கு எதிரி மீன்கூடைதான் என்று முடிவு கட்டிக்கொண்டது. துடைப்பத்துக்காக என்னையும் சேர்த்துக்கொண்டது. என் வலது காலில் முட்டிக்குக் கீழே இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. கால்முள் இறங்கிய இடம்.

மீன்கூடையைக் கண்டால் பறந்து அடிக்கிற சேவலை மீன்கார ஊரில் வளர்ப்பதைப்போல ஒரு கிறுக்குத்தனம் உண்டா! விடிந்தால் பத்துப் பதினைந்து பெண்கள் கூடையோடு எங்கள் தெருவைத்தான் தாண்ட வேண்டும். முதல் அடி அத்தைக்கே விழுந்தது, முழங்கையில். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எதிர்வீட்டுப் பெண்ணின் கூடை சரிந்து, இறால் முழுவதும் மண்ணில் கொட்டியது. நடுவில் ஊர்ச் சேவல்களோடு தினமும் சண்டை. ஒரு வீட்டுச் சேவலின் கண் போயிற்று. கட்டிப்போட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு போகும். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் அம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

வாக்குவாதம் எதுவும் பெரிதாக இல்லை. ஒரு சேவல்தானே, அறுத்துவிடுங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார். இது போனால் நைனா வாசலுக்குப் போகிற வழியும் போச்சு என்று நான் எப்படி அந்தச் சபையில் சொல்வது? சொன்னால்தான் யாருக்குப் புரியும்? அப்போது அத்தை முன்னால் வந்தார்.

"எங்க மருமவளுக்கு அவ அப்பன் வூட்ல இருந்து வந்தது இது ஒண்ணுதான்" என்றார். "ஏரில பாடு வெச்சிகினு அட்ச்சிக்காம பொழைக்கிறீங்க இல்ல? சேவலுக்கும் பாடு போடுங்க."

பாடு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாள் யார் அங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முறை இல்லாதவர் அன்றைக்கு அந்தத் தண்ணீரில் வலை இறக்க மாட்டார். அதைச் சேவலுக்குக் கேட்ட முதல் ஆள் என் மாமியாராகத்தான் இருக்க வேண்டும். பெரியவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபோது, இதுவும் நல்லதாகத்தானே இருக்கிறது என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது.

சேவல் வைத்திருந்த ஏழு வீட்டின் பெயரையும் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுச் சேவல்தான் வெளியே. மற்றதெல்லாம் கட்டிக் கிடக்க வேண்டும், சம்பந்திக்கு அறுக்க முடியாத வலைக்கயிறு. எங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை, கூடைக்காரப் பெண்கள் பஸ் ஏறிய பிறகுதான் சம்பந்தியை அவிழ்க்க வேண்டும், அது அடங்குகிறவரை நான் பின்னாலேயே போக வேண்டும். போனேன். வாரத்தில் ஒரு நாள், துரைக்குப் பின்னால் டவாலிச் சேவகன் போவதுபோல் கோட்டைக்குப்பத்துத் தெருவெல்லாம் நடந்தேன். சிரிக்காதவர்கள் கிடையாது. ஆனால் யார் சிரித்தாலும் பாடு முறையை மீறினவர் ஒருத்தரும் இல்லை. இதில் எனக்கு இன்னொரு லாபமும் இருந்தது. மற்ற சேவல்களின் நாளில் என் இரண்டு பெட்டைகளையும் மூடி வைத்துவிடுவேன். அதனால் வித்து கலக்கவே இல்லை. நைனாவின் பிடிவாதத்தை நான் குப்பத்தில் உட்கார்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு மட்டும் சம்பந்தி அடங்கும். அடிக்க மாட்டார், விரட்ட மாட்டார். நண்டைப் பிடிக்கிற மாதிரிப் பின்பக்கமாகப் போய் இறக்கையோடு சேர்த்து அமுக்கித் தூக்கி, கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வெங்காயம் உரிப்பார். அது கொஞ்ச நேரம் உதைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். நானும் முயன்றேன். எனக்கு இரண்டாவது தழும்பு தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

என் மகளுக்கு ஒரு வயசு ஆகிறபோது அந்தச் செய்தி வந்தது. பழவேற்காட்டு டீக்கடையில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். சில மாசத்துக்கு முன்னால் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து நைனாவின் கோழி அத்தனையும் போய்விட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை, மனிதர் வயலுக்கும் சரியாகப் போவதில்லை என்று.

மூன்று வருஷமாகக் காத்திருந்த சாக்கு கையில் வந்துவிட்டது. போக வேண்டியதுதானே? எனக்கு வீம்பு வந்துவிட்டது. பேத்தி பிறந்ததற்கே வராதவர், அவராகக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்துகொண்டேன். அத்தை அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லை. பழைய புடவையில் சம்பந்தியைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீ வராட்டி போ. நா சம்பந்திய அவுரு வூட்ல வுட்டுட்டு வந்துர்றேன்" என்று படியிறங்கிவிட்டார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பெட்டையையும் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் வழி முழுக்க நான் அத்தையோடு பேசவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் கோழி கட்டும் முளைகள் எல்லாம் அப்படியே இருந்தன. கயிறு மட்டும் சும்மா கிடந்தது. நைனா வெளியே வந்தார். இளைத்துப் போயிருந்தார், அவருடைய நெட்டைக் கால் இன்னும் நெட்டையாகத் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்த கண்ணையும் சட்டென்று எடுத்துக்கொண்டார். அத்தை புடவையை விலக்கினார். சம்பந்தியின் தலை வெளியே வந்தது. நைனா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், அதை மூடி வைக்க ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடையைக் கண்டதும் சம்பந்தி அத்தையின் கக்கத்திலிருந்து உதறிக் கிளம்பி நேராக நைனாவின் காலில் பாய்ந்தது. கூடை ஒரு பக்கம், நைனா ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே ரத்தம் வழிந்தது. மறுபடி பாய்வதற்குள் அத்தை பின்னால் போய் அமுக்கித் தூக்கிவிட்டார். நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு செத்தேன் என்று நின்றேன். நைனா தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். அத்தை சேவலைக் கொடுத்தார். நைனா அதன் கண்ணைப் பார்த்தார், அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார்.

"கலப்பு இல்ல" என்றார். பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்து, "குப்பத்துல எப்பிடி?" என்றார்.

"பாடு வெச்சி வளத்தோம் சம்பந்தி" என்றார் அத்தை. அந்தச் சொல்லை இந்தத் தடவை மனிதருக்குச் சொன்னார்.

நான் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததில் புடவை கொஞ்சம் விலகி என் காலில் இருந்த தழும்பு தெரிந்திருக்கிறது. அவர் தன் ரத்தத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்.

"உன்னியும் குத்திச்சா?"

கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "உங்க வித்தாச்சே நைனா" என்றேன். பிள்ளையை இப்படிக் கொடு என்று கையை மட்டும் நீட்டினார்.

சேவலையும் ஒரு பெட்டையையும் அங்கே விட்டோம். இன்னொரு பெட்டையை அத்தை கொடுக்கவில்லை. பாதி உங்கள் வீட்டில், பாதி எங்கள் வீட்டில் இருக்கட்டும், ஒரு பக்கம் நோய் வந்தால் இன்னொரு பக்கம் இருக்கும் என்று சொல்லிவிட்டார். அதனால் குஞ்சு பொரிக்கும்போதெல்லாம் நைனா குப்பத்துக்கு வர வேண்டியதாயிற்று. சேவலைக் கொண்டுவருவார், பெட்டையைக் கொண்டுபோவார். மடவை மீன் குழம்பு சாப்பிட்டுப் பழகினார். சேவல் பாடு வைக்கச் சீட்டுப் போடுகிற நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து, சொம்பைச் சரியாகக் குலுக்கவில்லை என்று சண்டை போடுகிற அளவுக்குப் போனார். என் மகள் வளர்ந்ததெல்லாம் அவர் தோளில்தான். அந்த வருஷங்களை எனக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால், அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டுக் கக்கத்தில் சேவலோடு படியிறங்கிய என் அத்தைதான். முழங்கையில் முதல் அடி வாங்கியவர் அவர். அறுத்துவிடு என்று சொல்லும் உரிமை எல்லோரையும்விட அவருக்குத்தான் இருந்தது. அவருக்கு நான் ஒருமுறைகூட நன்றி என்று சொன்னதில்லை. மாமியாருக்கு அப்படியெல்லாம் யார் சொல்கிறார்கள்! இப்போது சொல்கிறேன்.

அத்தை காலமான வருஷம், குப்பத்தில் சேவல் வைத்திருந்த வீடுகளும் இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டிருந்தன. சீட்டுப் போட ஆளில்லாமல் சேவல் பாடு நின்றுபோயிற்று. காரியத்துக்கு வந்த நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டாமல் விட்டிருந்த எங்கள் சேவல் ஊர்ப் பெட்டைகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பெட்டையும் எவர் வீட்டுச் சேவலோடோ திரிந்தது. அவர் கண்ணில் படுவதற்குள் பிடித்துவிடலாம் என்று கூடையைத் தேடி ஓடினேன்.

"மேயட்டும் வுடும்மா" என்றார் நைனா.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. என் மகள் ஒரு குஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். பாதி டேகா, பாதி ஊர்க்கோழி, பார்த்தாலே தெரியும். அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நைனாவும் போய்ப் பல வருஷமாகிறது. நாங்கள் பொன்னேரிக்கு வந்துவிட்டோம், வாடகை வீட்டில் கோழிக்கு இடமில்லை. பனைநார் மீன்கூடையே இப்போது கண்ணில் படுவதில்லை, பிளாஸ்டிக் டப்புதான் ஷேர் ஆட்டோவில் போகிறது. ஏரியில் பாடு இருக்கிறது. சேவலுக்குப் பாடு இருந்தது என்று சொன்னால் குப்பத்துப் பிள்ளைகளே நம்புவதில்லை.

பொன்னேரி வந்தது. காலைக் கீழே இறக்கிவிட்டு எழுந்தேன். இறங்குவதற்கு முன்னால், எங்கள் வீட்டிலும் பெருவிடை இருந்ததென்று நான் சொல்லக் கேட்ட அந்த இளைஞன், "உங்க வீட்டு வித்து இப்போ கீதாம்மா? இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்" என்றான்.

"எல்லாம் கலந்துபோச்சுப்பா" என்றேன்.

"அடடா" என்று துக்கம் விசாரிக்கிறவனைப்போல் தலையை ஆட்டினான். பாவம், நல்ல பிள்ளை. பிளாட்பாரத்தில் இறங்கியபோது என் மகள் வண்டியோடு வெளியே காத்திருப்பதாகப் போன் செய்தாள். அவளுக்கு நைனாவின் நெட்டைக் கால், அத்தையின் கை.